முழங்கால் உயர மேகம்

ஓட்டு வீட்டு அடுக்களையில், கூரையின் நடுவே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். விறகடுப்பு பற்றவைக்கும்வரை அதன் வழியாக வரும் வெயில், தரையில் விழுந்து கிடக்கும் ஒரு வெள்ளைச் சதுரம் மட்டுமே. அடுப்பு பற்றிப் புகை மேலெழுந்ததும், ஓட்டிலிருந்து தரை வரைக்கும் சாய்வாக ஒரு வெளிச்சத் தூண் நிற்கும். குழந்தைகள் அதற்குள் கையை விட்டு எடுப்பார்கள். வெயில் அங்கே முன்பும் இருந்ததுதான். அது வரும் வழி கண்ணுக்குத் தெரியத்தான் புகை வேண்டியிருந்தது.

நாடக மேடையும் சினிமாவும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த அடுக்களைக் காட்சியைத்தான் விதவிதமாகத் திரும்பச் செய்துகொண்டிருக்கின்றன. காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதற்கு, அதை 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த ஜான் டிண்டால் பெயரால் டிண்டால் விளைவு என்று பெயர். செயற்கைப் பனிமூட்டம் எதையோ மறைப்பதற்காக என்றுதான் பார்வையாளர் நினைக்கிறார். ஒளிப்பதிவாளரைக் கேட்டால் ஒளியைக் காட்டுவதற்காக என்பார். இரண்டும் சரிதான். இவற்றோடு இன்னொரு கேள்வியும் உண்டு, அதைக் கேட்பவர்கள் குறைவு. அந்த மேகத்தை மூச்சில் இழுப்பது யார்?

முதலில் சரக்கைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நம் படப்பிடிப்புத் தளங்களில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் ஸ்மோக். உண்மையில் இது நாலு விதம். எதையாவது எரித்து வரும் புகை ஒன்று. திரவத்தைச் சூடாக்கி நுண்துளிகளாகக் கக்கவைக்கும் ஃபாக் இன்னொன்று. மெல்லிசாக, இருப்பதே தெரியாமல் மணிக்கணக்கில் தொங்கும் ஹேஸ் மூன்றாவது. குளிர்ந்து கனத்துத் தரையோடு தவழும் மேகம் நாலாவது. தேவலோகத்துக்கு வேண்டியது நாலாவது. மேடையில் லேசர் கீற்று தெரிய மூன்றாவது. இதை மாற்றிப் போட்டால் இந்திர சபை தீப்பிடித்த வைக்கோற்போர்போல இருக்கும்.

இந்த வித்தையின் கதையை ஆவியழைப்பிலிருந்து தொடங்கலாம். ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் காபிக்கடை வைத்திருந்த யோஹான் கியோர்க் ஷ்ரோப்ஃபர், இறந்தவர்களின் ஆவியை வரவழைப்பதாகச் சொல்லி ஆட்களைக் கூட்டினார். இருட்டறையில் புகையெழுப்பி, மாய விளக்கின் படத்தை அந்தப் புகைமேலேயே விழவைத்தார். துணித் திரையில் விழுந்த உருவம் அசையாமல் நிற்கும். புகையில் விழுந்த உருவமோ நெளியும், வீங்கும், கரைந்து போகும். ஆவிக்கு அதைவிட நல்ல உடம்பு கிடையாது. ஷ்ரோப்ஃபர் 1774இல் தற்கொலை செய்துகொண்டார். கால் நூற்றாண்டு கழித்துப் பாரிஸில், துறவிகள் வெளியேறிய பழைய கபுச்சின் மடத்தில், எத்தியேன்-காஸ்பார் ராபர்ட் என்பவர் ராபர்ட்சன் என்ற மேடைப்பெயரில் ‘ஃபான்டஸ்மகோரி’ காட்சிகளை நடத்தினார். இவர் தன்னை மந்திரவாதி என்று சொல்லிக்கொள்ளவில்லை, இதெல்லாம் அறிவியல்தான் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் பயமுறுத்தினார். மக்கள் அப்படியும் பயந்தார்கள்.

1876இல் பவேரியாவின் பைராய்ட் நகரில் ரிச்சர்ட் வாக்னர் தன் ‘ரிங்’ இசை நாடகங்களை முழுத்தொடராக முதன்முதலில் அரங்கேற்றியபோது, புகைக்குப் பதில் நீராவி வந்தது. ரயில் எஞ்சின் கொதிகலன்களை அரங்கத்துக்கு வெளியே நிறுத்தி, குழாய் வழியாக நீராவியை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். காட்சி மாறும்போது மேடையை மூடும் திரை அந்த நீராவிதான். எரிச்சலில்லாத, இருமல் தராத மேகம் அது. ஆனால் நீராவிக்குக் குரல் உண்டு. இசை நாடகத்தின் நடுவே கொதிகலன் சீறுவதை எந்த இசையமைப்பாளர்தான் விரும்புவார்?

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வேதிப்பொருள்கள் புகுந்தன. அம்மோனியம் குளோரைடைச் சூடாக்கினால் வெண்புகை. டைட்டானியம் டெட்ராகுளோரைடு காற்றின் ஈரத்தைத் தொட்டாலே அடர்ந்த வெண்புகை. போர்க்களத்தில் கப்பல்களை மறைக்கப் பயன்பட்ட சரக்கு. அதோடு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தே வரும். இன்னொரு பக்கம், கனிம எண்ணெய்க்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தித் துளிகளை உடைக்கும் ‘கிராக்கர்’ கருவிகள் ஹாலிவுட் தளங்களில் ஓடின. நாள் முழுக்க அதில் நின்றவர்களின் சட்டையிலும் மூக்கிலும் எண்ணெய் படிந்தது.

அந்தக் காலத்துப் புகை சாமர்த்தியங்களில் பலருக்கும் தெரிந்தது ‘காசாபிளாங்கா’வின் (1942) கடைசிக் காட்சி. விமான நிலையத்தில் மூடுபனி, பின்னால் விமானம், பிரிவு. அந்த விமான நிலையம் ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். விமானம் உண்மை அளவைவிடச் சிறிய போலி. அளவு தெரியாமலிருக்க, அதைச் சுற்றி நிற்கும் மெக்கானிக்குகளாகக் குள்ளமானவர்களை நடிக்கவைத்தார்கள். மிச்சக் குறையைப் பனி மூடியது. உலகமே உருகிப் பார்த்த அந்த மூடுபனி, செலவைச் சுருக்க எடுத்த முடிவு.

எல்லா வித்தையும் இப்படிச் சுகமாக முடியவில்லை. 1938 டிசம்பரில் ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படப்பிடிப்பில், சூனியக்காரி புகைக்குள் மறைய வேண்டும். புகை எழும், அதன் மறைவில் மார்கரெட் ஹாமில்டன் தரைக்கதவு வழியாகக் கீழே இறங்குவார், பிறகு நெருப்பு கக்கும். ஒருமுறை நெருப்பு முந்திக்கொண்டது. முகமும் கையும் வெந்து, அவர் ஆறு வாரம் படப்பிடிப்புக்கு வரவில்லை.

இந்தியாவுக்கு இந்த வித்தையைக் கற்றுத்தர யாரும் வர வேண்டியிருக்கவில்லை. தலைக்குக் குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணி காட்டாத வீடு ஏது? கரி நெருப்பில் சாம்பிராணியைத் தூவி, தட்டியாலோ அட்டையாலோ விசிறிக்கொண்டே செட்டின் மூலைமூலைக்கும் ஓடுவது நம் தளங்களில் நெடுநாள் நடந்த வேலை. இதில் கடினம், புகை எழுப்புவதில் இல்லை, அதைக் காத்திருந்து பிடிப்பதில். முதலில் அது திரிதிரியாக அலையும். அப்போது படம் எடுத்தால் ஏதோ எரிகிறது என்றுதான் தோன்றும். மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, எல்லோரும் அசையாமல் நின்று, அது ஒரே சீராகப் படியும்வரை பொறுக்க வேண்டும். படிந்த பிறகு கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். அதற்குள் நடிகர் வசனத்தை மறந்தால் திரும்ப நெருப்பு, திரும்ப சாம்பிராணி. ஒரே காட்சியின் இரண்டு ஷாட்டுகளில் புகையின் அடர்த்தி மாறிவிட்டால் எடிட்டர் கையில் சிக்கிக்கொள்ளும்.

குரு தத்தின் ‘காகஸ் கே ஃபூல்’ (1959) படத்தில், காலியான ஸ்டுடியோவின் இருளைக் கிழித்துக்கொண்டு மேலிருந்து இறங்கும் ஒற்றை ஒளிக்கற்றையைப் பார்க்காத ஒளிப்பதிவு மாணவர் இருக்க மாட்டார். வி.கே. மூர்த்தி அதற்கு விளக்குகளை நம்பவில்லை. பெரிய கண்ணாடிகளை வைத்து வெளி வெயிலைத் திருப்பி உள்ளே கொண்டுவந்தார். கண்ணாடி வெயிலைக் கொண்டுவரும், அவ்வளவுதான். அதைத் தூணாக நிறுத்துவது காற்றில் மிதக்கும் தூசும் புகையும். மூர்த்திக்குத் தாதா சாகேப் பால்கே விருது கிடைத்தது; ஒளிப்பதிவாளர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல்முறை.

தமிழில் பி.சி. ஸ்ரீராமின் ‘நாயகன்’ (1987), ‘அக்னி நட்சத்திரம்’ (1988) படங்களுக்குப் பிறகு பின்னொளியும் புகையும் ஒரு மொழியாகவே ஆகிவிட்டன. ஆளுக்குப் பின்னாலிருந்து ஒளி வந்து, நடுவே மெல்லிய மூட்டம் நின்றால், பின்னணி வெளிறிப் பின்வாங்கும், முன்னால் நிற்பவர் துலங்குவார். இரண்டு பரிமாணத் திரைக்கு மூன்றாவது பரிமாணம் இப்படித்தான் கிடைக்கிறது. நல்ல விஷயம் கெட்டதும் அப்படித்தான்: தொண்ணூறுகளில் காரணமே இல்லாமல் எல்லா வில்லன் குடோனிலும் எல்லாப் படுக்கையறை ஜன்னலிலும் புகை வழிந்தது. அந்தக் குடோனில் என்னதான் எரிகிறது என்று ஒரு போலீஸ்காரர்கூடக் கேட்டதில்லை.

இயற்கையிடமே கைநீட்டியவர்களும் உண்டு. அகிரா குரோசாவா ‘த்ரோன் ஆஃப் பிளட்’ (1957) படத்தின் கோட்டையை ஃபூஜி மலைச்சரிவில் கட்டியதற்கு அங்கே இறங்கும் மூடுபனி ஒரு காரணம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் படம்பிடித்தவர்களைக் கேட்டால் மறுபக்கம் தெரியும். வேண்டும்போது மலைப்பனி வராது. வந்தால் கேட்டாலும் போகாது.

தொழிலையே திருப்பிப் போட்டவர் ஜெர்மானியரான குந்தர் ஷைட். 1970களில் அவர் உருவாக்கிய கிளைக்கால் கலந்த திரவமும் அதைச் சூடாக்கும் கருவியும்தான் இன்று டி.ஜே. மேடை முதல் ஓபரா வரை எங்கும் இருப்பதன் மூலம். இந்த நச்சற்ற திரவத்துக்காக 57ஆவது ஆஸ்கர் விழாவில் அவருக்கும் ராஸ்கோ நிறுவனத்துக்கும் தொழில்நுட்ப விருது கிடைத்தது. கருவி எளிது. ஒரு தொட்டி, ஒரு பம்ப், சூடேறிய உலோகக் கட்டி, ஒரு முனை. திரவம் கட்டிக்குள் புகுந்ததும் ஆவியாகிப் பீறிடும். உற்றுப் பார்த்தால் முனைக்கும் புகைக்கும் நடுவே ஒரு விரற்கடை வெற்றிடம் தெரியும். கொதிக்கும் கெட்டிலின் மூக்கருகே தெரிகிற அதே வெற்றிடம்தான். வெளியே வருவது கண்ணுக்குத் தெரியாத ஆவி. குளிர்ந்த காற்றைத் தொட்ட பிறகுதான் அது துளிகளாகி மேகம் ஆகிறது. எதுவும் எரிவதில்லை. கட்டி அளவுக்கு மீறிச் சூடானால் கதை வேறு. சில திரவங்களில் இருக்கும் கிளிசரின் சிதைந்தால் அக்ரோலின் வரும். காய்ந்த எண்ணெய் கருகும்போது கண்ணைக் கரிக்குமே, அதே பொருள்.

நச்சற்றது என்ற சொல்லோடு விவகாரம் முடிந்துவிடவில்லை. பிராட்வே நடிகர்கள் தொண்டையெரிச்சல், இருமல் என்று முறையிட, அமெரிக்க அரசின் தொழில்சார் உடல்நல நிறுவனமான நியோஷ் அங்கே ஆய்வு நடத்தி 1994இல் அறிக்கை தந்தது. பணியிட ஆஸ்துமாவுக்கு ஆதாரமில்லை, ஆனால் எரிச்சல் உண்மை என்றது. 2000இல் நடிகர் சங்கமும் தயாரிப்பாளர்களும் சேர்ந்து செய்வித்த ஆய்வு எண்களை வகுத்தது: கிளைக்கால் எந்த நொடியிலும் ஒரு கனமீட்டர் காற்றில் 40 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, கனிம எண்ணெய் 25ஐத் தாண்டக்கூடாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 19 இடங்களில் 101 ஊழியர்களைச் சோதித்தார்கள். புகைக்கருவிக்கு மிக அருகில் வேலை செய்தவர்களின் நுரையீரல் திறன் குறைந்திருந்தது. கிளைக்கால் தந்தது அன்றைய இருமலும் தொண்டை வறட்சியும். எண்ணெயோ கிளைக்காலோ, அந்தப் புகையில் நெடுநாள் இருந்தவர்களுக்கு இளைப்பும் நெஞ்சிறுக்கமும்.

இதைப் படிப்பவர்கள் இரண்டு எல்லைக்குப் போவார்கள். எல்லாம் விஷம் என்பது ஒன்று, “தண்ணிதான் சார், ஒண்ணும் செய்யாது” என்பது மற்றொன்று. ஆய்வுகள் சொல்வது நடுவிலே நிற்கிறது. வாரத்தில் ஒருநாள் பார்வையாளராக வருபவருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. தினமும் கருவியின் பக்கத்தில் நிற்கும் ஊழியரும், ஆழ்ந்து மூச்சிழுத்தே பிழைக்க வேண்டிய பாடகரும், ஆஸ்துமாக்காரரும் கவலைப்பட வேண்டும். நம்மூர் செட்டுகளிலும் ஆர்கெஸ்ட்ரா மேடைகளிலும் இதே சோதனையைச் செய்தால் என்ன தெரியவரும் என்ற கேள்வியை இங்குள்ள சங்கங்கள் கையில் எடுக்கலாம்.

மூச்சை முதலில் நினைத்துப் பிறகு மேகத்தை வடிவமைத்த ஒருவர் உண்டு. ஜப்பானியக் கலைஞர் ஃபுஜிகோ நாகாயா. அவருடைய தந்தை உகிச்சிரோ நாகாயா, 1936இல் ஆய்வகத்தில் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்த இயற்பியலாளர். 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் பெப்சி அரங்கின் கூரையை மேகத்தால் மூடும் வேலை மகளிடம் வந்தது. வேதிப்பொருள் கூடாது, மக்கள் உள்ளே நடந்து மூச்சிழுக்கும்படி வெறும் தண்ணீரில்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். கலிஃபோர்னியாவின் தாமஸ் மீ வழி கண்டுபிடித்தார்: உயர் அழுத்தத்தில் தண்ணீரை மயிரிழைத் துளை வழியாகச் செலுத்தி, எதிரே நிற்கும் ஊசிமுனையில் மோதவைத்து உடைப்பது. 2,500க்கும் மேற்பட்ட முனைகள் அந்தக் கூரையைச் சுற்றி மேகம் கக்கின. 2002இல் சுவிட்சர்லாந்தின் நஷாட்டல் ஏரியில், டில்லர்-ஸ்கோஃபிடியோ என்ற கட்டடக் கலைஞர்கள் 30,000க்கும் அதிகமான முனைகளோடு ‘பிளர்’ என்றொரு கட்டடத்தையே மேகமாக நிறுத்தினார்கள். சுவர் இல்லை, கூரை இல்லை. ஏரித் தண்ணீரே மேகமாகிச் சுவரானது. கோடையில் நம் கல்யாண மண்டப வாசல்களில் சாரல் தெளிக்கும் மிஸ்ட் ஃபேன், அந்தக் குடும்பத்தின் ஏழை உறவு.

கம்ப்யூட்டரில் புகை வரையலாமே என்று கேட்கலாம். வரைகிறார்கள். பச்சைத் திரைக்கு முன்னால் நிஜப் புகை போட்டால் பின்னணியைப் பிரித்தெடுப்பது சிரமம் என்பதால், கிராஃபிக்ஸ்காரர்கள் அதை வெறுக்கவே செய்கிறார்கள். ஆனால் நடிகர் முகத்தில் ஒளி மெல்லப் பரவுவதை நிஜ மூட்டம் தருவதுபோலப் பின்னால் ஒட்டவைப்பது எளிதல்ல. நிஜத்துக்காகச் சிலர் எந்த எல்லைக்கும் போனதுண்டு: ‘தி எக்ஸார்சிஸ்ட்’ (1973) படத்துக்காகப் படுக்கையறை செட்டையே குளிரூட்டி உறையவைத்தார்கள். நடிகர்களின் வாயிலிருந்து வரும் மூச்சு ஆவியாகத் தெரிய வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக.

இனி, வாசகர்களில் பெரும்பாலோர் நேரில் சந்திக்கும் மேகத்துக்கு வரலாம். மண்டபத்தில் வரவேற்பு. விளக்கு அணைகிறது, பாட்டு ஏறுகிறது, மணமக்கள் மேகத்தில் மிதந்து வருகிறார்கள். மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் ஒரு டிரம் இருக்கும். அடியில் ஹீட்டர், பாதி வரை வெந்நீர், மேலே கம்பிக் கூடை. கூடையில் சுண்ணாம்புக்கட்டிபோல வெள்ளைத் துண்டுகள். கையுறை போட்ட பையன் கூடையைத் தண்ணீருக்குள் இறக்குவான், குழாய் வழியாக மேகம் பாயும். அந்த வெள்ளைத் துண்டு டிரை ஐஸ்: கரியமில வாயு உறைந்த கட்டி, குளிர் மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். உருகித் தண்ணீராகாது, நேரே வாயுவாகும். 1920களில் அமெரிக்காவில் பண்டங்களைக் குளிரவைக்க விற்பனைக்கு வந்த சரக்கு, மேடைக்குத் தாவியது பிறகு. கண்ணுக்குத் தெரிகிற வெண்மை, கரியமில வாயு அல்ல. வெந்நீரிலிருந்து ஆவியாக எழுந்து குளிரில் திரண்ட நீர்த்துளிகள். கரியமில வாயுவுக்கு நிறமில்லை. மேகம் கலைந்த பிறகும் அது அங்கேயேதான் இருக்கும், ஏனென்றால் அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம்.

ஒரு கணக்கு. ஒரு கிலோ டிரை ஐஸ் வாயுவானால் ஏறக்குறைய 540 லிட்டர். மேடைக்குப் பத்துக் கிலோ என்றால் 5,400 லிட்டர். 30 அடிக்கு 20 அடி மேடையில் அது ஒன்றரை அடி உயரத்துக்குக் கலையாமல் தேங்குவதாக வைத்துக்கொண்டால், அந்த அடுக்கில் ஐந்தில் ஒரு பங்கு கரியமில வாயு. நடைமுறையில் அது வழிந்தும் கலந்தும் நீர்த்துப்போகும், அதனால்தான் விபத்துகள் அரிது. ஆனால் பத்து விழுக்காட்டை எட்டினாலே சில நிமிடங்களில் நினைவு தப்பும். ஆறடி மணமகன் அதற்கு மேலே நிற்கிறார். மேகத்தைக் கண்டதும் ஓடிவந்து அதற்குள் குப்புறப் படுத்து நீந்துவது யார்? மூன்று வயதுப் பிள்ளைகள். ஓபரா அரங்குகளில் இதே கவலை மேடைக்குக் கீழே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் வாத்தியக்காரர்களைப் பற்றியது. கனத்த வாயு பள்ளத்தைத் தேடித்தான் போகும்.

2020 பிப்ரவரியில் மாஸ்கோவில் ஒரு பிறந்தநாள் விருந்தில், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மூடிய நீச்சல் குளத்தில் சுமார் 25 கிலோ டிரை ஐஸைக் கொட்டினார்கள். மூன்று பேர் இறந்தார்கள். 2024 மார்ச்சில் குருகிராமில் ஓர் உணவகத்தில், வாய் மணக்கும் பொருளென்று நினைத்து டிரை ஐஸை வாயில் போட்டவர்கள் ரத்தவாந்தி எடுத்தார்கள். அடுத்த மாதமே, திரவ நைட்ரஜன் ஊற்றி வாயில் புகை வரவைக்கும் ‘ஸ்மோக் பிஸ்கட்’ விவகாரத்தில் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. மேடை வித்தை தட்டுக்கு இறங்கினால் இப்படித்தான் ஆகும்.

ஆகவே மண்டபம் பேசி முடிக்கும்போது, சாப்பாட்டு இலைக்கணக்கோடு நாலு கேள்வியும் கேட்டுவிடுங்கள். மேடைக்கு வருவது டிரை ஐஸா, கிளைக்கால் கருவியா? எத்தனை கிலோ? புகைக்காக மண்டபத்தின் தீ எச்சரிக்கைக் கருவியை அணைத்து வைக்கப்போகிறார்களா, அப்படியானால் அந்த நேரம் பார்த்துக்கொள்பவர் யார்? ஏ.சி. மண்டபத்தில் மேகம் வரும் நேரத்துக்காவது கதவுகளைத் திறந்து வைப்பார்களா? டிரை ஐஸைக் காரில் ஏற்றி வருகிறவர் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். பெட்டியை இறுக மூடக்கூடாது, வாயு தேங்கினால் வெடிக்கும். மேகம் கலையும்வரை பிள்ளைகளை மேடையில் இறங்கவிடாதீர்கள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கிருந்தும் நன்றாகவே தெரியும்.